ஒவ்வொரு கேக்கையும் பெயர் சொல்லிப் பதியுங்கள்: பிரிட்டன் நூலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலகர்களே, ஆவணக் காப்பாளர்களே,

வணக்கம். பிரிட்டனின் மாவட்ட நூலகங்களிலும் ஊர் ஆவணக் காப்பகங்களிலும் பணியாற்றும் உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். மாவு நிறுவனங்கள் இலவசமாகக் கொடுத்த சமையல் புத்தகங்கள், தேவாலய நிதிக்காக ஊர்ப் பெண்கள் தொகுத்து விற்ற சிறு நூல்கள், பெண்கள் சங்கங்கள் அச்சடித்த குறிப்பேடுகள் ஆகியவை உங்கள் பெட்டிகளில் ஒதுங்கிக் கிடக்கின்றன. அவற்றைக் கழித்துவிடாதீர்கள். கழிக்காமல் வைத்திருந்தால் மட்டும் போதாது. அவற்றுக்குள் இருக்கும் கேக்குகளையும் பன்களையும் ரொட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பெயர் எழுதிப் பட்டியலிடுங்கள்.

இதன் ஆங்கில வடிவத்தைத் தனியாக அனுப்புகிறேன். தமிழில் பொதுவில் வைப்பதற்குக் காரணம் உண்டு. இந்த நாட்டில் வாழும் தமிழர்களில் கேக் சுடுகிறவர்கள் ஏராளம். அவர்களும் உங்கள் நூலகங்களின் உறுப்பினர்கள். பழைய ஆங்கிலப் பேக்கிங் புத்தகங்களில் ஒரு செய்முறையைத் தேடிக் களைத்துப்போனவர்கள் அவர்களிலும் இருக்கிறார்கள். அவர்களும் தங்கள் ஊர் நூலகத்தில் இதைக் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம்.

புகழ்பெற்ற புத்தகங்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஹன்னா கிளாஸ் 1747இல் வெளியிட்ட சமையல் நூலை இன்று யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே படிக்கலாம். மான்செஸ்டரில் கடை நடத்திய எலிசபெத் ராஃபால்டின் 1769ஆம் ஆண்டு நூலில், திருமணக் கேக்கின் மேல் பாதாம் பூச்சும் அதன்மேல் சர்க்கரைப் பூச்சும் போடும் முறை இருக்கிறது. அதுவும் எளிதில் கிடைக்கும். தேவையான பொருள்களையும் அளவையும் நேரத்தையும் தனியே எடுத்துக் கொடுத்த எலைசா ஆக்டனின் 1845ஆம் ஆண்டு நூலும், 28 வயதில் இறந்துபோன இசபெல்லா பீட்டனின் 1861ஆம் ஆண்டு நூலும் மறுபதிப்புக் கண்டுகொண்டே இருக்கின்றன. இவற்றைக் காக்க ஆள் இருக்கிறது.

ஆனால் 70, 80 வயதில் ஒருவர் தன் அம்மா சுட்ட கேக்கைத் தேடி வரும்போது, அந்தக் கேக் அநேகமாக இந்தப் பெரிய புத்தகங்களிலிருந்து வந்ததாக இருக்காது. மாவுப் பொட்டலத்தோடு வந்த மெல்லிய புத்தகத்திலிருந்தோ, ஆலய விற்பனை நாளில் சில காசுக்கு வாங்கிய துண்டு நூலிலிருந்தோ வந்திருக்கும். தேடுகிறவருக்கு அட்டையின் நிறம் நினைவிருக்கும், பெயர் நினைவிருக்காது. அட்டையும் முதல் சில பக்கங்களும் எப்போதோ கிழிந்துபோயிருக்கும்.

பீ-ரோ புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். நியூகாசிலில் தாமஸ் பெல் தொடங்கிய நிறுவனம், பேக்கிங் பவுடர் முன்பே கலந்த செல்ஃப் ரைசிங் மாவை ‘பீ-ரோ’ என்ற பெயரில் விற்றது. 1920களில் அந்த மாவில் சுட்ட ஸ்கோன்களையும் கேக்குகளையும் கண்காட்சிகளில் விற்றபோது, சுவைத்தவர்கள் செய்முறை கேட்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 1923இல் இலவசமாக வந்த சமையல் புத்தகம். அன்று முதல் பதிப்புக்கு மேல் பதிப்பாக வந்துகொண்டிருக்கிறது. வட இங்கிலாந்தில் இந்தப் புத்தகத்தைப் பார்த்துக் கேக் சுடக் கற்றுக்கொண்ட தலைமுறைகள் உண்டு. மாவுக் கறையும் வெண்ணெய்க் கறையும் படிந்து, பிடித்த பக்கத்தில் தானாகவே விரியும் ஒரு பிரதியையாவது அங்கே பலரும் பார்த்திருப்பார்கள்.

ஒரே பெயரில் இத்தனை பதிப்புகள் இருப்பதால் ‘பீ-ரோ புத்தகத்தில் இருந்தது’ என்று சொன்னால் மட்டும் போதாது. எந்தப் பதிப்பு என்பது முக்கியம். ஒரு பதிப்பில் இருந்த பழ ரொட்டி அடுத்ததில் இல்லாமல் போகலாம். இருந்தாலும் அளவு மாறியிருக்கலாம். அசல் பக்கத்தைப் பார்க்காமல் கைப்பிரதியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். மாவு நிறுவனத்தின் புத்தகத்தில் மாவு என்றால் அது அந்த நிறுவனத்தின் செல்ஃப் ரைசிங் மாவு. அதைப் பார்த்து ஒரு தாய் தன் நோட்டில் வெறுமனே ‘மாவு 8 அவுன்ஸ்’ என்று எழுதி வைத்திருப்பார். அவருக்கு அதில் குழப்பமில்லை. அவர் அலமாரியில் இருந்தது அந்த ஒரே மாவுதான். பேரப்பிள்ளை அந்த நோட்டைப் பார்த்துச் சாதாரண மாவில் சுடுகிறார். கேக் எழும்பாமல் கல்லாக இறுகிவிடுகிறது. பாட்டியின் குறிப்பே தவறு என்று முடிவு கட்டி நோட்டை மூடிவிடுகிறார்கள். குறிப்பில் தவறே இல்லை. அது எந்தப் புத்தகத்திலிருந்து வந்தது என்ற ஒரு தகவல்தான் தொலைந்துபோயிருக்கிறது. அதை மீட்டுத் தர உங்களால் மட்டுமே முடியும்.

என் பக்கத்து வீட்டு மூதாட்டி நார்ஃபோக்கில் ஒரு பண்ணை வீட்டில் வளர்ந்தவர். அவருக்காக நான் தேடியது வினிகர் கேக். முட்டையே இல்லாத பழக் கேக் அது. குளிர்காலத்தில் கோழிகள் முட்டையிடுவது குறைந்துவிடும். அந்த மாதங்களில் பண்ணை வீடுகளில் இதைச் சுடுவார்கள். பாலில் வினிகரை ஊற்றி, அதில் சமையல் சோடாவைக் கரைத்ததும் அமிலமும் காரமும் சேர்ந்து கரியமில வாயு நுரைத்துக் கிளம்பும். முட்டை செய்ய வேண்டிய வேலையை அந்த நுரை செய்யும். இதெல்லாம் எங்கும் கிடைக்கும் தகவல். பொதுவான வினிகர் கேக் குறிப்புகளும் கிடைத்தன. ஆனால் அவர் தேடியது, தன் அம்மா செய்த, பழுப்புச் சர்க்கரையும் ஜாதிக்காயும் போட்ட கேக்கை. ‘இது இல்லை, இதுவும் இல்லை’ என்று ஒவ்வொன்றையும் ஒதுக்கினார். அவர் நாக்கை ஏமாற்ற முடியாது.

கடைசியில் அது கிடைத்தது ஒரு காப்பகத்தின் பெட்டிக்குள். பட்டியலில் அந்தப் பெட்டிக்கு இருந்த விவரம் ‘சமையல் துண்டு நூல்கள், 1 பெட்டி’ என்பது மட்டும்தான். ஆண்டு இல்லை, ஊர் இல்லை, தலைப்பு இல்லை. வாசிப்பறையில் பையை வெளியே வைத்துவிட்டு, பென்சிலை மட்டும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து, துருப்பிடித்த கம்பி முதுகில் பிடித்துக்கொண்டிருந்த நூல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மெதடிஸ்ட் ஆலயம் ஒன்றின் கூரைப் பழுதுபார்க்கும் நிதிக்காகத் தொகுக்கப்பட்ட மெல்லிய நூல் ஒன்று இருந்தது. அதில் அந்தக் கேக். பக்க ஓரத்தில், யாரோ ஒருவர் பென்சிலால் எழுதியிருந்தார்: பெரிய கிண்ணமாக எடு, பொங்கி வழியும். கீழே இன்னொரு வரி: இரண்டு நாள் கழித்து வெட்டு. அந்த இரண்டு வரிகளைப் படித்துக் காட்டியபோதுதான் மூதாட்டி ‘இதுதான்’ என்றார். அம்மா அந்தக் கேக்கைத் தகர டப்பாவில் பூட்டி வைத்து, இரண்டு நாள் யாரையும் தொட விடமாட்டாராம்.

அந்தப் பெட்டியைத் திறக்க எனக்கு வழிகாட்டியது உங்கள் பட்டியல் அல்ல. அந்தக் காப்பகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஒருவரின் நினைவாற்றல். ‘நார்ஃபோக் ஆலயப் புத்தகம் ஒன்று அந்தப் பெட்டியில் இருந்ததாக ஞாபகம்’ என்றார் அவர். அவர் ஓய்வு பெற்றுவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

நீங்கள் பட்டியலிடும்போது சந்திக்கப்போகும் முதல் தொல்லை ஆண்டு. இந்த நூல்களில் பலவற்றில் ஆண்டே இருக்காது. ஆனால் பக்கங்களுக்குள் தடயங்கள் நிறைய இருக்கின்றன, படிக்கத் தெரிந்தால் போதும். ‘மிதமான அடுப்பு’, ‘சூடான அடுப்பு’ என்று மட்டும் சொன்னால் அது நிலக்கரி அடுப்புக் காலமாகவோ அதன் பழக்கம் விடாத காலமாகவோ இருக்கும். ‘ரெகுலோ 4’ என்று எண் போட்டிருந்தால் அது 1923க்கு முந்தையதாக இருக்க முடியாது. வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் அந்தத் திருகு, நியூ வேர்ல்டு கேஸ் அடுப்புகளில் அந்த ஆண்டுதான் வந்தது. இன்றைய கணக்கில் அந்த 4 சுமார் 180 டிகிரி செல்சியஸ். முட்டைத் தூள் கேட்டால், அநேகமாக அமெரிக்காவிலிருந்து அது வரத் தொடங்கிய 1942க்குப் பிந்தையது. சர்க்கரையையும் கொழுப்பையும் அவுன்ஸ் அவுன்ஸாகக் கஞ்சத்தனத்தோடு எண்ணியிருந்தால், 1940 ஜனவரி 8 முதல் 1954 ஜூலை 4 வரை நீடித்த, போரையொட்டிய உணவுப் பங்கீட்டு (ரேஷன்) காலத்தை நினைத்துக்கொள்ளலாம். போர் முடிந்த பிறகுதான், 1946இல், ரொட்டிக்கே பங்கீடு வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. விலை ஷில்லிங்கிலும் பழைய பென்னியிலும் அச்சாகியிருந்தால் 1971 பிப்ரவரி 15க்கு முந்தையது. இவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்தாலே ஒரு நூலைப் பத்தாண்டுக்குள் நிறுத்திவிடலாம். பட்டியலில் ‘ஆண்டு இல்லை’ என்று எழுதி நிறுத்திக்கொள்ளாமல், ‘1942க்குப் பின், 1954க்கு முன், முட்டைத் தூள், பங்கீட்டு அளவு’ என்று காரணத்தோடு எழுதுங்கள். அடுத்து வருபவர் அதைச் சரிபார்த்துக்கொள்வார்.

ஊரும் அவ்வளவு முக்கியம். ஒரு குறிப்பு ‘ஒரு ஜில் பால்’ கேட்கிறது. அதிகாரபூர்வ அளவில் ஒரு ஜில் என்பது கால் பைன்ட், அதாவது சுமார் 142 மில்லி. வட இங்கிலாந்தின் சில பகுதிகளில் மக்கள் பேச்சில் அது அரை பைன்ட். நூல் எந்த ஊரில் அச்சானது என்று தெரியாவிட்டால் கேக் கூழாகிவிடும், அல்லது வறண்டுவிடும். யார்க்‌ஷயரிலும் லங்காஷயரிலும் நவம்பர் 5 நெருப்புத் திருவிழா இரவுக்காகச் சுடும் பார்க்கின் கேக்கைப் பாருங்கள்: ஓட்ஸ் மாவு, கரும்பாகு, சுக்கு என்ற அடிப்படை ஒன்றுதான். ஆனால் ஓட்ஸின் பருமனும் பாகின் கருமையும் ஊருக்கு ஊர் மாறுகின்றன. நார்தம்பர்லாந்தில் தோசைக்கல் போன்ற இரும்புத் தட்டில் சுடும் சிங்கிங் ஹின்னிக்கும், வில்ட்ஷயரின் பன்றிக்கொழுப்பு அடுக்கிய லார்டி கேக்குக்கும் இதே கதைதான். இவற்றை ‘ஆங்கிலேயக் கேக்குகள்’ என்று ஒரே தலைப்பில் அடைத்தால் தேடுகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது.

எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம் பெயர்கள். ஆலயப் புத்தகங்களில் ஒவ்வொரு குறிப்பின் கீழும் அதைக் கொடுத்தவரின் பெயர் இருக்கும். ஆனால் எப்படி இருக்கும்? திருமதி என்று போட்டு, கணவரின் முதலெழுத்தும் குடும்பப் பெயரும். தன் வாழ்நாள் முழுக்கச் சுட்டுச் சுட்டுச் செம்மைப்படுத்திய கேக் அச்சேறும்போதுகூட அந்தப் பெண்ணின் சொந்தப் பெயர் அச்சேறவில்லை. ஊர்க் காப்பகங்களுக்கு இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. ஆலயப் பதிவேடுகளும் மக்கள் தொகைக் கணக்கெடுப்புத் தாள்களும் உங்கள் வசமே உள்ளன. சில பெயர்களையாவது கண்டுபிடிக்க முடியும். கண்டுபிடித்தால் எழுதுங்கள். ஹன்னா கிளாஸின் நூலே முதலில் ‘ஒரு சீமாட்டி எழுதியது’ என்றுதான் வந்தது. அவர் பெயர் மீண்டது. இந்தப் பெண்களின் பெயரும் மீளட்டும்.

இது நடக்காத காரியம் இல்லை. ஃப்ளோரன்ஸ் ஒயிட் என்ற பெண்மணி 1928இல் இங்கிலாந்தின் நாட்டுப்புறச் சமையலுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கி, ஊர் ஊராகக் குறிப்புகளைத் திரட்டி, 1932இல் நூலாக்கினார். எந்த ஊரிலிருந்து வந்தது, எந்தக் காலத்தது என்பதைக் குறிப்போடு சேர்த்தே அச்சிட்டார். அரசுப் பணமோ கணினியோ இல்லாத காலம் அது. லீட்ஸ் பல்கலைக்கழக நூலகம், பிளான்ச் லீ 1939இல் கொடுத்த சமையல் நூல்களை மையமாக வைத்து, நாட்டின் மிகச் சிறந்த தொகுப்புகளில் ஒன்றை வளர்த்திருக்கிறது. லண்டனின் வெல்கம் நூலகம் பல நூற்றாண்டுக் கையெழுத்துக் குறிப்பேடுகளை ஸ்கேன் செய்து எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறது. 17ஆம் நூற்றாண்டுச் சீமாட்டியின் கையெழுத்தை நான் வீட்டு மேசையிலிருந்து படிக்க முடிகிறது. என் பக்கத்து வீட்டுக்காரரின் அம்மா 1950இல் பயன்படுத்திய ஆலயப் புத்தகத்தை அப்படிப் படிக்கத்தான் வழியில்லை.

அச்சாகும் எல்லாமே காப்பு நூலகங்களுக்கு வந்துவிடுமே என்று சொல்வோர் உண்டு. சட்டப்படி பிரிட்டிஷ் நூலகத்துக்கும், கேட்டால் ஸ்காட்லாந்து, வேல்ஸ் தேசிய நூலகங்களுக்கும், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டப்ளின் பல்கலைக்கழக நூலகங்களுக்கும் பதிப்பாளர்கள் பிரதி தர வேண்டும் என்பது உண்மை. ஆனால் தெருமுனை அச்சகத்தில் சில நூறு பிரதி அடித்து ஆலய வாசலில் விற்றவர்கள் தங்களைப் பதிப்பாளர் என்று நினைத்துக்கொண்டார்களா? வீட்டில் யாரேனும் இறந்து, பொருள்களை ஒழிக்கும்போது முதலில் குப்பைக்குப் போவதும் இவைதான். ஊரில் தப்பிய ஒரு பிரதி உங்கள் பெட்டியில் இருந்தால், நாட்டிலேயே எஞ்சியது அதுவாக இருக்கக்கூடும்.

காப்புரிமைச் சிக்கலை நான் அறியாமல் பேசவில்லை. எழுதியவர் பெயர் தெரியாத நூலென்றால், வெளியான ஆண்டு முடிந்து 70 ஆண்டுகளில் உரிமை முடிகிறது. பெயர் இருந்தால் அவர் இறந்த ஆண்டிலிருந்து 70 ஆண்டுகள். திருமதி இன்னார் எப்போது இறந்தார் என்று யாருக்குத் தெரியும்? அச்சாகாத கையெழுத்து நோட்டுகளில் பல, எழுதியவர் எப்போதோ இறந்திருந்தாலும், 2039 இறுதிவரை உரிமைக்குள் இருக்கின்றன. உரிமையாளர் தெரியாத படைப்புகளை நூலகங்கள் தம் இணையதளத்தில் வைக்க உதவிய ஐரோப்பியச் சலுகையும் 2020 முடிவோடு இங்கே நின்றுவிட்டது. அதன்பின் அறிவுசார் சொத்து அலுவலகத்தில் உரிமம் வாங்க வேண்டும். அதுவும் அதிகபட்சம் 7 ஆண்டுக்கு. உங்கள் தயக்கம் நியாயமானது. சட்டத்தை மாற்றக் கேட்க வேண்டிய இடம் வேறு.

ஆனால் ஒரு நூலில் என்னென்ன கேக்குகள் இருக்கின்றன என்று பெயர்களைப் பட்டியலிட யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஸ்கேன் செய்யப் பணம் வரும்வரை, உரிமை தெளியும்வரை இந்த வேலை காத்திருக்க வேண்டியதில்லை. ‘வினிகர் கேக், முட்டை இல்லாதது, பக்கம் 14’ என்ற ஒரு வரி உங்கள் பட்டியலில் இருந்தால் போதும். தேடுகிறவர் பஸ் பிடித்து உங்கள் வாசிப்பறைக்கு வந்துவிடுவார்.

ஸ்கேன் செய்யும் நாள் வந்தால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பக்க ஓரக் கையெழுத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று வெட்டிவிடாதீர்கள். விளம்பரப் பக்கங்களையும் விடாதீர்கள். ஊர்க் கசாப்புக் கடை, மளிகைக் கடை விளம்பரங்கள்தான் பல நூல்களுக்கு ஆண்டையும் ஊரையும் சொல்லும் சாட்சிகள். ஒரே நூலின் இரண்டாவது பிரதி வந்தால் ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று திருப்பி அனுப்பாமல், யாராவது அதில் எழுதியிருக்கிறார்களா என்று முதலில் புரட்டிப் பாருங்கள்.

ஆட்கள் இல்லை என்பீர்கள். பல மாவட்டங்களில் நூலக நேரம் குறைக்கப்பட்டதையும், இருக்கிறவர்கள் இரட்டை வேலை பார்ப்பதையும் கண்ணால் பார்க்கிறேன். ஆகவே ஆட்களை நாங்கள் தருகிறோம். 1915இல் ஆங்கிள்சி தீவின் லான்வேர்புல் ஊரில் பிரிட்டனின் முதல் விமன்ஸ் இன்ஸ்டிட்யூட் (பெண்கள் சங்கம்) தொடங்கிய நாள் முதல் குறிப்பேடு தொகுப்பது அந்த அமைப்பின் பெண்களுக்குக் கைவந்த வேலை. அவர்களைக் கேளுங்கள். கேக் சுடத் தெரிந்த யாரையும் கேளுங்கள். ‘காஸ்டர் சுகர்’ என்ற நுண்சர்க்கரை எது, ‘பார்ம்’ என்ற பழைய ஈஸ்ட் எது என்று அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்காது. கேக்கின் பெயர், பக்கம், கொடுத்தவர் பெயர், ஊர், காலத் தடயம், ஓரக் குறிப்பு உண்டா என்ற ஆறு கட்டம் கொண்ட ஒரு தாள் போதும். மாவு நிறுவனங்களையும் நீங்கள் கேட்கலாம். தங்கள் பழைய பதிப்புகளில் எந்தெந்த ஆண்டுப் பிரதிகள் கைவசம் உள்ளன என்று ஒரு வரிசை வெளியிட்டால் பாதித் தேடல் குறைந்துவிடும். தனியொருத்தி எழுதும் கடிதத்தைவிட நூலகத்தின் கடிதத்துக்கு அவர்கள் பதில் தருவார்கள்.

என் மாவட்டக் காப்பகத்தில் இந்த வேலையைச் சனிக்கிழமைகளில் உட்கார்ந்து செய்ய நான் தயார். என்னோடு வர நண்பர்களும் இருக்கிறார்கள். ‘சமையல் துண்டு நூல்கள்’ என்று எழுதிய பெட்டிகள் உங்களிடம் எத்தனை இருக்கின்றன, அவற்றில் எதை முதலில் திறக்கலாம் என்று மட்டும் தெரிவியுங்கள். 70 வயதைத் தாண்டியவர்கள் கேட்டுக் காத்திருக்கும் குறிப்புகள் என்று ஒரு பட்டியல் என்னிடம் இருக்கிறது. அவர்கள் ஊர்களின் பெட்டிகளிலிருந்து தொடங்கலாம் என்பது என் யோசனை.

அன்புடனும் மரியாதையுடனும்,
இங்கிலாந்தில் வாழும் தமிழ் வாசகி ஒருத்தி